எம்.எல்.ஏ. ஆபீஸ் மேசையில் பத்து வருஷம்: மக்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

தென் மாவட்டத் தொகுதி ஒன்றில், ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில், அவர் அடுத்தடுத்து ஜெயித்த இரண்டு முறையும் மனு எழுதும் மேசையில் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்கள் முதலில் பேசுவது என்னிடம்தான். இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அதே கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் ஆட்கள் எம்.எல்.ஏ.வை எடைபோடுவது கல்யாணத்துக்கு வந்தாரா, கேதத்துக்கு வந்தாரா என்பதை வைத்துத்தான். கோட்டையில் அவர் நம் ஊருக்காக என்ன கேட்டார் என்று பத்து வருஷத்தில் என்னிடம் விசாரித்தவர் ஒரே ஒரு பெரியவர். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எம்.எல்.ஏ.வின் வேலை என்று சட்டம் எதைச் சொல்கிறது?

சட்டம் இயற்றுவது, அரசின் வரவு செலவுக்கு ஒப்புதல் கொடுப்பது, அமைச்சர்களைக் கேள்வி கேட்பது. இந்த மூன்றும் நடக்கும் இடம் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை. இவற்றோடு வேறு ஒரு பொறுப்பும் உண்டு. தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.எல்.ஏ.க்கள்தான். ஒரே நேரத்தில் 6 இடம் காலியானால், ஒருவர் ஜெயிக்க 34 எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு போதும். ஜனாதிபதித் தேர்தலிலும் இவர்களுக்கு ஓட்டு உண்டு, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை 234 தொகுதிக்குப் பங்கிட்டு, ஆயிரத்தால் வகுத்து வந்த கணக்கு அது.

நாம் தினமும் பார்க்கிற திறப்பு விழா, பரிந்துரைக் கடிதம், துக்க விசாரிப்பு இதெல்லாம் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அதைச் செய்யாதவர் அடுத்த முறை ஜெயிப்பது கஷ்டம். எம்.எல்.ஏ.வின் நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இழுபடும்.

234 என்பது எப்படி வந்தது?

1952இல் ஆந்திரப் பகுதிகளும் சேர்ந்திருந்த சென்னை மாகாணச் சட்டசபையில் 375 பேர். மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த பின் 1957இல் 205, 1962இல் 206, 1967 முதல் 234. இதில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு. ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டும் பழங்குடியினருக்கு. மேலவை என்ற இன்னொரு சபையும் இருந்தது. 1986 நவம்பர் 1 அன்று கலைக்கப்பட்டது.

யார் வேண்டுமானாலும் நிற்கலாமா?

25 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நிற்கிற தொகுதியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அரசு வேலையில் இருப்பவர் ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேருக்கும் அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் எழுதிய பிரமாணப் பத்திரம் ஒன்றும் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பத்திரம் ஊரார் எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. ஓட்டுப் போடும் முன் ஒரு அரைமணி நேரம் ஒதுக்கிப் படியுங்கள் என்று என்னைக் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

டெபாசிட் பத்தாயிரம் எதற்கு? ஏழை நிற்கக் கூடாதா?

நியாயமான கோபம். 1996 வரை அது வெறும் 250 ரூபாய்தான். அந்த வருஷம் ஈரோடு பக்கத்தில் மொடக்குறிச்சித் தொகுதியில், தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். வேட்பாளர்கள் மொத்தம் 1,033 பேர். ஓட்டுச்சீட்டு புத்தகம் போல ஆகிவிட்டது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், பிறகு 10,000 ஆனது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

ஏழையைத் தடுப்பது இந்தப் பத்தாயிரம் இல்லை என்பது என் அனுபவம். சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்று 2022இல் நிர்ணயித்த உச்சவரம்பு 40 லட்சம். அந்தத் தொகையைக் கையில் வைத்திருக்கும் விவசாயக் கூலி யாரையும் நான் பார்த்ததில்லை.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?

2016இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021இல் தியாகராய நகரில் 137. ஒரு தெருக்காரர்கள் வெயில் என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் மாறக்கூடிய கணக்கு இது. 1967இல் விருதுநகரில் காமராஜர், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அவ்வளவு பெரிய மனிதரின் அரசியல் வாழ்க்கையே அதில் திரும்பியது.

ஜெயித்தவுடன் என்ன நடக்கும்?

வெற்றிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பேரவை கூடும் நாளில் தற்காலிக சபாநாயகர் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அவையில் உட்காரவும் ஓட்டளிக்கவும் முடியாது. பிறகு சபாநாயகர் தேர்தல், ஆளுநர் உரை. புது உறுப்பினர்களுக்குக் கன்னிப்பேச்சுக்கு வாய்ப்புக் கிடைக்கும். அந்த முதல் பேச்சை யாரும் இடைமறிக்காமல் கேட்பது மரபு.

கன்னிப்பேச்சில் பெரும்பாலோர் தலைவருக்கு நன்றி சொல்லியே நேரத்தை முடித்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். 1957இல் குளித்தலையிலிருந்து முதல் முறையாகப் போன மு. கருணாநிதி, தன் தொகுதியின் நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை எடுத்துப் பேசினார். அந்தத் தேர்தலையும் சேர்த்து 2016 வரை அவர் நின்ற 13 சட்டமன்றத் தேர்தலிலும் தோற்கவே இல்லை. அவர் கட்சி பிடிக்கிறதோ இல்லையோ, முதல் பேச்சுக்கு எதை எடுக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்.

காலையில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் என்னதான் நடக்கும்?

ஆறரை மணிக்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிவிடும். கட்சிக்காரர்கள் ஒரு பக்கம், பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஒரு பக்கம், மனுவோடு வந்தவர்கள் சுவரை ஒட்டி. கார் டிரைவர் அடிக்கடி மணி பார்ப்பார்.

ஒருநாள் மஞ்சள் பையோடு ஒரு பாட்டி வந்தார். புருஷன் இறந்து வெகுநாள் ஆகிவிட்டது, முதியோர் உதவித்தொகை கேட்டு மூன்று முறை எழுதியும் வரவில்லை. உறுப்பினர், "என்ன அப்பத்தா, கவலைப்படாதீக. தம்பி, ஒரு லெட்டர் போட்டுக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறப் போனார். நான் பையை வாங்கிப் பார்த்தேன். வாக்காளர் அட்டையில் 66 வயது. ஆதாரில் 54. உதவித்தொகைக்கு 60 நிரம்ப வேண்டும். மூன்று முறையும் தாலுகா ஆபீசில் மனுவைத் தள்ளியது அந்த ஒரு எண்ணால்தான். ஆனால் அதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னவர் யாரும் இல்லை. லெட்டர் கொடுத்தாலும் நாலாவது முறையாகத் தள்ளுபடி ஆகும் என்று உறுப்பினரிடம் சொன்னேன். காரிலிருந்து இறங்கி வந்து அவரே அந்த அட்டைகளை வாங்கிப் பார்த்தார். "எந்திரிச்சு நடக்க முடியாதவுகள இத்தன தடவ அலைய விட்டோமே" என்றார். ஒரு பையனைக் கூட அனுப்பி, ஆதாரில் வயதைத் திருத்தி, மறுபடி மனுப்போட்டு, பணம் வர நாலு மாசம் ஆனது.

நான் அந்த மேசையில் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதி மனுக்களுக்கு எம்.எல்.ஏ.யே தேவைப்படாது.

அப்படியானால் பரிந்துரைக் கடிதத்துக்கு மதிப்பே இல்லையா?

தகுதி இருந்தும் மனு எங்கேயாவது தூங்கிக்கொண்டிருந்தால், கடிதம் எழுப்பிவிடும். தகுதி இல்லாத இடத்தில் ஒன்றும் ஆகாது. அதிகாரி அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று சட்டம் இல்லை. அரசு வேலைக்குக் கடிதம் கேட்டு வருகிற பெற்றோர்தான் அதிகம். தேர்வாணையம் எடுக்கும் வேலைக்கு அந்தக் கடிதம் எங்கும் செல்லாது. அதை வைத்துப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போய்விடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். சொன்னதைக் கேட்காமல் நகையை அடகு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் போவது?

ஊராட்சி அல்லது வார்டு கவுன்சிலர். குடிநீர்க் குழாய், சாக்கடை, குப்பை எல்லாம் உள்ளாட்சி. பட்டா, சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலகம். ரயில்வே கேட், தபால் ஆபீஸ், தேசிய நெடுஞ்சாலை என்றால் எம்.பி. அரசுப் பள்ளிக்குக் கட்டடம், ஆஸ்பத்திரிக்கு டாக்டர், மாநிலச் சாலை, பஸ் வழித்தடம், கண்மாய் மடை இதற்கெல்லாம் எம்.எல்.ஏ.விடம் வாருங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி மூன்று கோடியை அவரே வைத்துக்கொள்கிறாரா?

இந்தக் கேள்வியைக் கேட்காத டீக்கடை கிடையாது. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்பது சரி. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எம்.எல்.ஏ. கணக்குக்கு வராது. இந்த இடத்தில் இந்த வேலை என்று அவர் எழுதிக் கொடுப்பார். மதிப்பீடு போடுவது, நிர்வாக அனுமதி கொடுப்பது, டெண்டர் விடுவது, பில் போடுவது எல்லாம் மாவட்ட நிர்வாகம், ஊரகப் பகுதி என்றால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக.

அவர் கையில் இருப்பது தேர்ந்தெடுக்கும் அதிகாரம். அது சின்ன அதிகாரம் இல்லை. ஒரு தொகுதியில் நூற்றுக்கணக்கான குக்கிராமங்கள் இருக்கும். மூன்று கோடியில் ஒரு வருஷத்துக்கு முப்பது நாற்பது வேலை எடுத்தாலே பெரிது. எந்த ஊருக்கு நாடக மேடை, எந்த ஊருக்கு அங்கன்வாடி என்று முடிவு செய்கிற இரவில் எங்கள் அலுவலகத்தில் சண்டையே நடக்கும். தனக்கு ஓட்டுப் போடாத ஊருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று எங்கள் உறுப்பினர் ஒருமுறை பிடிவாதம் பிடித்தார். கட்சிக்காரர்கள் ஒரு வாரம் அலுவலகப் பக்கம் வரவில்லை.

உங்கள் தொகுதியில் என்ன வேலைகள் எடுக்கப்பட்டன என்று தெரிய வேண்டுமானால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட முகமைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேலையின் பெயர், தொகை, ஒப்பந்தக்காரர், முடிந்த தேதி என்று பிரித்துக் கேளுங்கள்.

சம்பளம் எவ்வளவு?

2018இல் சட்டம் திருத்தப்பட்டபோது மாதம் 55,000 ரூபாயாக இருந்தது 1,05,000 ஆனது. அதில் சம்பளம் என்று வருவது 30,000. மீதி தொகுதிப்படி, வாகனப்படி, தொலைபேசிப்படி, தபால்படி என்று பல பெயரில் வரும். சென்னையில் தங்க ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உறுப்பினர் விடுதி, பேருந்து, ரயில் பயணச் சலுகை, பிற்பாடு ஓய்வூதியம் உண்டு.

கேதத்துக்கு மாலை, கல்யாணத்துக்கு மொய், வருகிறவர்களுக்கு டீ, டீசல், இரண்டு உதவியாளர் சம்பளம். நேர்மையாக இருக்கிற ஒருவருக்கு இந்தப் பணம் மாசக் கடைசி வரை வராது. மொய் கொடுக்காத எம்.எல்.ஏ.வை ஏசுகிறவர்கள் அந்த மொய்ப்பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் நன்றாக இருக்கும்.

பேரவையில் கேள்வி கேட்பதால் என்ன பயன்? பேசிவிட்டு வருவதுதானே?

இல்லை. இதைப் புரிய வைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் சொன்ன பெரியவருடைய ஊருக்கு முன்னால் ஒரு ஓடை. குறுக்கே தரைப்பாலம். மழை பெய்தால் தண்ணீர் பாலத்துக்கு மேலே இடுப்பளவு ஓடும். பிள்ளைகள் ஏழு கிலோமீட்டர் சுற்றிப் பள்ளிக்கூடம் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும். உயர்மட்டப் பாலம் கேட்டு அவர் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளை மட்டும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். பதினொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

எங்கள் உறுப்பினர் அதை ஒரு வினாவாக எழுதிப் பேரவைச் செயலகத்தில் கொடுத்தார். இந்த ஒன்றியத்தில், இந்த ஊருக்கு முன்னால், இந்த ஓடையின் குறுக்கே உயர்மட்டப் பாலம் அமைக்க அரசு முன்வருமா? மூன்று வரிதான். செயலகம் அதைத் துறைக்கு அனுப்புகிறது. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டுமே, அதற்கு விவரம் வேண்டும். துறைச் செயலாளர் இயக்குநரைக் கேட்கிறார், இயக்குநர் கலெக்டர் அலுவலகத்தைக் கேட்கிறார், அங்கிருந்து ஒன்றிய ஆபீசுக்கு வருகிறது. 'சட்டமன்ற வினா, மிக அவசரம்' என்று எழுதிய தாள் வந்த மூன்றாம் நாள், பொறியாளர் டேப்போடு ஓடைக்குள் இறங்கி நின்றார். பதினொரு மனுவுக்கு நடக்காத கோப்பு, அவையில் கேள்வி எழுப்பப்படும் முன்னாலேயே நடந்துவிட்டது.

வாய்மொழியாகப் பதில் வேண்டும் என்றால் நட்சத்திரக் குறியிட்ட வினா. அதற்குப் பதில் வந்ததும் துணை வினா கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எந்த உறுப்பினரும் கேட்கலாம், எதிர்க்கட்சியும் கேட்கலாம்.

"ஆவன செய்யப்படும்" என்றால் என்ன அர்த்தம்?

அமைச்சர்களின் பதிலுக்கு ஒரு தனி அகராதி உண்டு. "அத்தகைய கருத்துரு (அதாவது திட்ட முன்மொழிவு) எதுவும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்றால் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது. கீழிருந்து கருத்துரு அனுப்ப வைப்பதுதான் அடுத்த வேலை. "கருத்துரு பெறப்பட்டுள்ளது, நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்" என்றால் காகிதம் மேலே வந்துவிட்டது, பணம்தான் பாக்கி. "நடப்பாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்" என்றால் அது உறுதிமொழி. அவையில் அமைச்சர் கொடுக்கும் உறுதிமொழிகளைத் தொகுத்து, நிறைவேறியதா என்று துறையை விரட்டுவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் போய் ஆய்வும் செய்வார்கள்.

நாமே பேரவைக்கு மனுக் கொடுக்க முடியாதா?

முடியும். பலருக்குத் தெரியாத வாசல் இது. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமாக வருகிறது. வருமுன் கலெக்டர் அலுவலகம் செய்தி வெளியிடும். அதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும். தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு ஐந்து படிகள். உங்கள் சொந்த பட்டா, உதவித்தொகை, வேலை, இடமாற்றம், வங்கிக்கடன், கோர்ட்டில் இருக்கும் வழக்கு இவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே மனுவில் ரோடு, தண்ணீர், சுடுகாடு மூன்றையும் எழுதிக் கொடுத்துத் திரும்பி வந்தவை நிறைய.

110 விதி என்று சொல்கிறார்களே?

பொது முக்கியத்துவம் உள்ள ஒன்றைப் பற்றி அமைச்சரோ முதலமைச்சரோ அவையில் அறிக்கை வாசிக்கும் முறை. அதன்மேல் விவாதம் கிடையாது.

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தால் தொகுதிக்கு ஒன்றும் கிடைக்காதா?

மேம்பாட்டு நிதி எல்லோருக்கும் ஒரே தொகை. கேள்வி நேரம், அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் கவனத்தை இழுக்கும் கவன ஈர்ப்பு, துறைகள் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் பேச்சு, அந்தத் தொகையைக் குறைக்கக் கேட்கும் வெட்டுத் தீர்மானம், குழுக்களில் இடம் எல்லாம் உண்டு. அரசு செலவழித்த பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்குவது வழக்கம். ஆளும் கட்சிக்காரருக்கு அமைச்சர் அறைக்குள் போவது சுலபம், அதை மறுக்க முடியாது. ஆனால் தன் அமைச்சருக்கே சங்கடம் வரும் கேள்வியை அவர் எழுத மாட்டார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் எழுதுவார்.

அவைக்குள் பேசியதற்காக எந்த உறுப்பினர்மேலும் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்று அரசியல் சட்டத்தின் 194ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுத்திருப்பது இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான். தகாத வார்த்தை என்றால் சபாநாயகர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்வார்.

அமைச்சராக இல்லாத ஒருவரால் சட்டம் கொண்டுவர முடியுமா?

தனிநபர் மசோதா கொண்டுவரலாம், நிறைவேறுவது மிக அரிது. ஆனாலும் சென்னை மாகாணத்திலேயே ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சட்டசபைக்குள் போய், துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927இல் தேவதாசி முறையை ஒழிக்கக் கோரி அவர் தீர்மானம் கொண்டுவந்தார். பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலோடு பிணைந்திருந்த கோயில் மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே விடுவிக்க 1929இல் வழி பிறந்தது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியை ராஜினாமா செய்தார். முழுத் தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. முதல் தீர்மானத்திலிருந்து இருபது வருஷம். கட்சிப் பெரும்பான்மை பின்னால் இல்லாமல், ஒரு டாக்டர் தனியாக எழுந்து நின்று தொடங்கி வைத்த வேலை அது. எனக்கு அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

பேரவையில் பெண்கள் எத்தனை பேர்?

2021 தேர்தலில் ஜெயித்தவர்கள் 234இல் 12 பேர். நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. ஊராட்சி நடத்துகிற பெண்களுக்குக் கோட்டைக்குப் போக மட்டும் கட்சிகள் சீட்டுக் கொடுப்பதில்லை. சட்டமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற 2023 அரசியல் சட்டத் திருத்தம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். காத்திருக்கத் தேவையே இல்லை, கட்சிகள் நினைத்தால் அடுத்த தேர்தலிலேயே கொடுக்கலாம்.

கொறடா சொன்னபடிதான் ஓட்டளிக்க வேண்டுமா? கட்சி மாறினால்?

அவையில் எப்படி ஓட்டளிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்குச் சொல்பவர் கொறடா. அவர் உத்தரவை மீறி ஓட்டளித்தாலோ, ஓட்டளிக்காமல் இருந்தாலோ, 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம். தானாகக் கட்சியை விட்டு விலகினாலும் போகும். சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அப்படியே. தீர்ப்பு சபாநாயகர் கையில். 2017 செப்டம்பர் 18 அன்று ஒரே நாளில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டது நினைவிருக்கும். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அத்தனை தொகுதிகளும் 2019 இடைத்தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. மனுவோடு வந்தவர்களை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் அந்த அலுவலகங்களில் என்னைப் போல் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

வேறு எப்படியெல்லாம் பதவி போகும்?

அனுமதி இல்லாமல் 60 நாட்கள் அவைக் கூட்டங்களுக்கு வராவிட்டால் அவை அந்த இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், அந்த நாளிலேயே பதவி போகும். 2014இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா உறுப்பினர் பதவியை இழந்து ஸ்ரீரங்கத்துக்கு இடைத்தேர்தல் வந்தது அப்படித்தான். காலியான இடத்துக்கு ஆறு மாசத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும், பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவாக மீதமிருந்தால் தவிர.

குடும்பம் எப்படி இருக்கும்? தோற்ற பிறகு?

எங்கள் உறுப்பினரின் மனைவி, ஐந்து வருஷத்தில் தன் வீட்டு ஹாலில் ஒருநாள்கூடக் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சோர்வாகச் சொன்னார். பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு உறுப்பினர் போனால் அங்கேயும் நாலு மனு வரும்.

மூன்றாவது முறை நின்றபோது அவர் தோற்றார். மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம்போலப் போனேன். நாற்காலிகள் அடுக்கி வைத்தபடியே இருந்தன. வந்தவர்கள் இரண்டே பேர்: பால்காரர், அப்புறம் ஆதார் திருத்திக் கொடுத்தோமே, அந்த அப்பத்தா. "தோத்துட்டியாமே, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டார்.

பதவிக்குப் பின் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தவர்களும் நம் ஊரில் உண்டு. காமராஜர் அமைச்சரவையிலும் பக்தவத்சலம் அமைச்சரவையிலும் இருந்த கக்கன், பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். தற்செயலாக அறிந்துதான் அவருக்கு உதவி கிடைத்தது. மதுரை கிழக்கில் 2001, 2006 என்று இரண்டு முறை ஜெயித்த நன்மாறன், தன் கடைசிக் காலத்தில் அரசு வீடு ஒன்று கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானவர்களின் மனுவை வாங்கியவர், தானே மனுவோடு நின்றார். இவர்களை அறிந்தவர்கள் யாரும், அரசியல்வாதி என்றாலே இப்படித்தான் என்று பொத்தாம்பொதுவாகப் பேச மாட்டார்கள்.

என் எம்.எல்.ஏ. கோட்டையில் என்ன கேட்டார் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாகின்றன, பேரவையின் இணையதளத்திலும் ஏற்றுகிறார்கள். எந்த வினாக்கள் கொடுத்தார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்று அவருடைய அலுவலகத்திலேயே கேளுங்கள். கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தாலே அடுத்த கூட்டத்தொடருக்கு இரண்டு வினா கூடுதலாக எழுதுவார். நேரில் பார்க்க வேண்டுமானால் உறுப்பினர் மூலம் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கலாம்.

அந்தப் பெரியவர் அப்படித்தான் வந்தார். "நம்ம ஓடையப் பத்திக் கோட்டையில என்னைக்கு கேக்கப் போறாக தம்பி, நானும் வரட்டுமா?" என்று மேசைக்கு எதிரில் நின்று கேட்டார். ராத்திரி ரயிலில் கூட்டிப் போனேன். வெளுத்த சட்டை, தோளில் துண்டு. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாடத்தில் கை தட்டக் கூடாது, காலை மேலே போடக் கூடாது என்று காவலர் சொன்னதற்கு ஒவ்வொன்றாகத் தலையாட்டினார்.

வினா எண்ணைச் சபாநாயகர் வாசித்தார். எங்கள் உறுப்பினர் எழுந்தார். அமைச்சர் ஓடையின் பெயரைச் சொல்லி, கருத்துரு பெறப்பட்டுள்ளது, நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும் என்றார். உறுப்பினர் துணை வினா கேட்டார்: மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிற பிள்ளைகளை மனதில் வைத்து நடப்பாண்டிலேயே எடுத்துக்கொள்வீர்களா? அமைச்சர் ஒரு காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, முன்னுரிமை கொடுக்கப்படும் என்றார். எல்லாம் ஒன்றரை நிமிஷம். பெரியவர் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தபடி இருந்தார்.

வெளியே வந்து, போனைத் திரும்ப வாங்கும்போது கேட்டார். "இப்ப பேசுனத எழுதி வச்சுக்கிருவாகளா?"

"எழுதுவாங்க ஐயா. அச்சுப் போடுவாங்க."

பாலம் வர அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் ஆனது. கல்வெட்டில் அமைச்சர் பெயரும் எம்.எல்.ஏ. பெயரும் இருக்கின்றன. அவைக்குறிப்பில் அந்த ஓடையின் பெயர் வரும் பக்கத்தை நகல் எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு ஒட்டிய அதே நோட்டில், பதினொன்றாவது சீட்டுக்கு அடுத்த பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.